அத்தியாயம் 7: காலப்பிரமாணத்தை அனுப்புதல் – மிடி கோப்பு வழியாக டெம்போ வரைபடம்

அளவெட்டி தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்பெற்ற ஊர். தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) வாழ்ந்ததும் நாதஸ்வர வித்துவான் என்.கே. பத்மநாதன் (1931–2003) வாசித்ததும் இந்த மண்ணில்தான். அவர்கள் காலத்து வாசிப்பையும் பின்வந்தவர்கள் கோயில் திருவிழாக்களில் வாசித்ததையும் பலர் கசெற்றில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவை இப்போது கணினிக்கு ஏறி வருகின்றன. இங்கே ஒருவர் பதிவைச் சுத்தம் செய்கிறார். ரொறன்ரோவில் ஒருவர் அதைச் சுரதாளக் குறிப்பாக எழுதுகிறார். லண்டனில் இன்னொருவர் மாணவர்கள் பயில்வதற்காக அதன்மேல் தாளத் தடம் ஒன்றைச் சேர்க்கிறார். மூவரிடமும் மூன்று வெவ்வேறு மென்பொருள்கள்.

ஒலியை அனுப்புவது எளிது. வேவ் கோப்பு எல்லா மென்பொருளிலும் திறக்கும். ஆனால் அந்த ஒலிக்குள் சமம் எங்கே விழுகிறது, காலப்பிரமாணம் எந்த இடத்தில் எவ்வளவு ஏறியது என்ற கணக்கு வேவ் கோப்போடு போகாது. அதை மிடி கோப்பில்தான் அனுப்ப வேண்டும். பதிவிலிருந்து அந்தக் கணக்கை எடுத்து, கோப்பில் ஏற்றி, மறுபக்கத்தில் பிசகாமல் இறக்கும் முறையை இந்த அத்தியாயம் சொல்லுகிறது.

தொடங்குமுன் ஒன்றை மனதில் இருத்துங்கள். கணினிக் கட்டத்துக்குள் விழும்படி வித்துவானின் வாசிப்பை வெட்டி ஒட்டக் கூடாது. அவர் வாசித்த லயத்துக்கு ஏற்ப வளைய வேண்டியது கட்டம்தான். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு விதிக்குக் கட்டுப்பட்டது.

எண்ணைச் சொன்னால் போதாதா?

"டெம்போ 71, போட்டுக்கொள்ளுங்கோ" என்று தொலைபேசியில் சொல்லிவிடுவது வழக்கம். அதனால் என்ன ஆகிறது என்று ஒருமுறை கணக்குப் பார்ப்போம்.

ஆதி தாளத்தில் ஒரு கீர்த்தனை. ஓர் ஆவர்த்தனம் 6.72 செக்கன். 8 அட்சரம் என்பதால் ஓர் அட்சரம் 0.84 செக்கன். நிமிடத்துக்கு 71.4286 அட்சரம். பதிவு 10 நிமிடம் என்றால் மொத்தம் ஏறத்தாழ 714 அட்சரம்.

மறுபக்கத்தவர் 71 என்று தட்டினால் ஓர் அட்சரத்துக்கு 5 மில்லி செக்கன் கூடுகிறது. 10 நிமிட முடிவில் கிளிக் ஒலி 3.6 செக்கன் பின்னால் நிற்கும். அது பாதி ஆவர்த்தனத்துக்கும் மேல். 71.4 என்று தட்டினால் முடிவில் 0.24 செக்கன் பிசகு. சதுச்ர நடையில் ஓர் அட்சரத்தின் கால்பங்கு 0.21 செக்கன் என்பதால், ஒரு சொல்லுக்கு மேலேயே தள்ளிப்போகிறது. 71.43 என்று தட்டினால் பிசகு 12 மில்லி செக்கன், காதுக்குத் தெரியாது.

இதெல்லாம் டெம்போ தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றாகவே இருந்தால்தான். மேளக் கச்சேரியில் அப்படி இருப்பதில்லை. 66இல் எடுத்த உருப்படி, கற்பனைச் சுரத்துக்கு வரும்போது 70ஐத் தொட்டு, தனி முடிந்து வரும்போது 74இல் நிற்கலாம். ஒவ்வோர் ஆவர்த்தனத்துக்கும் ஓர் எண் வேண்டும். தொலைபேசியில் சொல்லி முடிகிற காரியமல்ல. கோப்பாகத்தான் போக வேண்டும்.

கோப்புக்குள் இருப்பவை

தரநிலை மிடி கோப்பு 1988இல் வரையறுக்கப்பட்டது. அன்றுமுதல் இன்றுவரை அநேகமாக எல்லா இசை மென்பொருள்களும் அதைப் படிக்கின்றன. புதிய பரிமாற்ற வடிவங்களும் வந்திருக்கின்றன. பிட்விக்கும் பிரீசோனஸும் 2023இல் வெளியிட்ட டோ புரொஜெக்ட் அவற்றில் ஒன்று. ஆனால் எதிர்ப்பக்கத்தில் எந்த மென்பொருள் இருக்கிறதென்று தெரியாதபோது நம்பி அனுப்பக்கூடியது மிடிதான்.

அதில் ஒலி இல்லை. இருப்பவற்றுள் நமக்கு வேண்டியவை நான்கு.

1. டெம்போ நிகழ்வு. நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற எண்ணாக இது பதியப்படுவதில்லை. ஒரு கால் சுரம் எத்தனை மைக்ரோ செக்கன் நீள்கிறது என்றே பதியப்படுகிறது. நம் உதாரணத்தில் அது 840,000. கோப்பில் டெம்போவே இல்லாவிட்டால் மென்பொருள் 500,000 என்று, அதாவது நிமிடத்துக்கு 120 என்று எடுத்துக்கொள்ளும். இறக்கியதும் திரையில் 120 என்று தெரிந்தால், டெம்போ கோப்பில் ஏறவில்லை அல்லது இறங்கவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

2. தாளக் குறி. 4/4, 7/8 போன்றவை. கீழ் எண் 2, 4, 8, 16 என இரட்டித்துப் போகும் எண்ணாகவே இருக்க முடியும்.

3. நுணுக்கம். ஒரு கால் சுரத்தை எத்தனை துகளாகப் பிரிப்பது என்ற எண். 480 அல்லது 960 வையுங்கள். நம் உதாரணத்தில் 480 என்றால் ஒரு துகள் 1.75 மில்லி செக்கன். 480ஐ 3ஆலும் 5ஆலும் மிச்சமின்றி வகுக்கலாம், 7ஆல் முடியாது. அதனால் மிச்ர நடைச் சுரங்கள் அரைத் துகள்வரை நகர்ந்து உட்காரும். அது 1 மில்லி செக்கனுக்கும் குறைவு, கவலை வேண்டாம். பழைய மென்பொருள்களில் காணும் 96ஐ மட்டும் தவிருங்கள்.

4. குறிப்பான்கள். 'பல்லவி', 'அனுபல்லவி', 'தனி தொடக்கம்' என்று பெயரிட்ட இடக்குறிகள். தமிழ் எழுத்தில் இட்டால் சில மென்பொருள்களில் கேள்விக்குறிகளாக மாறும். குறிப்பான்களுக்கு 1, 2, 3 என்று எண்ணிட்டு, எந்த எண் எதைக் குறிக்கிறது என்பதைத் தனித்தாளில் எழுதுங்கள்.

கோப்பு வகை 0, வகை 1 என்று இரண்டு விதம் கேட்கும். வகை 1ஐத் தெரிவுசெய்யுங்கள். அதில் முதல் தடம் டெம்போவுக்கும் தாளக் குறிக்கும் ஒதுக்கப்படுகிறது.

அளவையும் பாருங்கள். 10 நிமிடத்தில் ஏறத்தாழ 90 ஆவர்த்தனம். ஆவர்த்தனத்துக்கு ஒரு டெம்போ நிகழ்வு என்றால், அந்த முழு வரைபடமும் 1 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அதே 10 நிமிடத்தின் ஸ்டீரியோ வேவ் கோப்பு, குறுவட்டுத் தரத்தில், 106 மெகாபைட். எனவே ஒலியை ஒருமுறை அனுப்பினால் போதும். திருத்தங்கள் எத்தனை வந்தாலும் சிறிய மிடி கோப்பை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பலாம். இணையம் மந்தமாக இருக்கும் நாளிலும் வேலை நிற்காது.

படி 1: முதலில் நாடாவின் வேகம்

கசெற் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். பழைய கருவிகள் அப்படி ஓடுவதில்லை. வேகம் கூடினால் சுருதியும் ஏறும், காலப்பிரமாணமும் ஏறும். அரைச் சுருதி, அதாவது ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் உள்ள தூரம், பிசகியிருந்தால் வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் பிசகியிருக்கிறது. உண்மையில் 70இல் வாசித்ததை 74 என்று குறித்துவிடுவீர்கள்.

ஆகவே சுருதியைச் சரிசெய்து, வேவ் கோப்பை இறுதியாகச் சேமித்த பிறகே டெம்போ வேலையைத் தொடங்குங்கள். பின்னர் வேகத்தைத் தொட்டால் வரைபடம் முழுவதும் வீணாகும். வித்துவான் வழக்கமாக எந்தச் சுருதி நாயனத்தில் வாசித்தார் என்று அறிந்தவர்களிடம் கேளுங்கள். பக்கத்து மருதனார்மடத்தில், முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகம் எனப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடம் இருக்கிறது. இசை கற்றவர்கள் அருகிலேயே இருக்கும்போது ஊகத்தில் வேகத்தை மாற்ற வேண்டியதில்லை.

படி 2: சமத்தைக் குறித்தல்

மென்பொருளில் தானாக டெம்போ கண்டுபிடிக்கும் வசதி இருக்கும். மேளக் கச்சேரிக்கு அதை நம்ப வேண்டாம். அது உரத்த அடிகளைத் தேடுகிறது. தவிலிலோ உரத்த அடி சமத்தில்தான் விழும் என்ற கட்டாயமில்லை. சமத்தில் கார்வை விட்டு அடுத்த சொல்லில் இறங்குவது தவில்காரரின் அழகு. தீர்மானம் எடுப்பில் போய் முடியும். எடுப்பு சமத்தில் இல்லாத உருப்படியென்றால், ஆவர்த்தனத்திலேயே மிக உரத்த அடி சமத்துக்கு அப்பால் விழும். கணினி அதைச் சமம் என்று குறித்துவிடும்.

கையால் குறிக்கும் முறை இது.

பதிவை அலைவடிவமாகத் திரையில் விரியுங்கள். கைத்தாளத்தின் ஒலியைத் தேடுங்கள். வெண்கலம் மோதும் ஒலி செங்குத்தாக எழுந்து மெல்ல அடங்கும். அலைவடிவில் ஊசிமுனைபோலத் தெரியும். வலந்தலையில் கூடு அணிந்த விரல்களின் அடியும் கூர்மையாகத் தெரியும், ஆனால் அது நெருக்கமாக வரும். தொப்பியில் கழி விழும் ஒலி தாழ்ந்து அகன்றிருக்கும். தாளம் தெளிவாகக் கேட்கும் ஒரு பகுதியில் கையால் தாளம் போட்டுக்கொண்டே மூன்று நான்கு ஆவர்த்தனம் கேளுங்கள். சமம் எது என்று மனதில் உறுதியான பின் குறிப்பானை அந்த ஊசியின் எழுமுனையில் வையுங்கள். உச்சியில் அல்ல, எழத் தொடங்கும் இடத்தில்.

பதிவு இரண்டு ஒலிவாங்கிகளில் செய்யப்பட்டிருந்தால் ஒன்றை மட்டும் பார்த்துக் குறியுங்கள். ஒலி 10 மீற்றர் கடக்க ஏறத்தாழ 29 மில்லி செக்கன் எடுக்கும். மாறி மாறிக் குறித்தால் அந்த வித்தியாசம் வரைபடத்தில் போலியான ஏற்ற இறக்கமாக விழும்.

ஒவ்வோர் ஆவர்த்தனத்தின் சமத்துக்கும் ஒரு குறி போதும். குறித்தபின் கிளிக்கை ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். ஆவர்த்தனத்தின் நடுவில் கிளிக்குக்கும் தாளத்துக்கும் இடையே 30 மில்லி செக்கனுக்கு மேல் பிளவு தெரிந்தால் அங்கே மட்டும் இன்னொரு குறி வையுங்கள். ஒவ்வோர் அட்சரத்துக்கும் குறி வைத்தால் தாளக்காரரின் கை நடுக்கம்கூட டெம்போவாகப் பதியும். அந்த வரைபடத்தின்மேல் வேறொரு வாத்தியத்தை வாசிக்க முடியாது.

இரண்டு சமங்களுக்கு இடையே உள்ள செக்கன்களை அளந்தால் டெம்போ கிடைக்கும். அட்சர எண்ணிக்கையை 60ஆல் பெருக்கி, செக்கனால் வகுக்க வேண்டும். 8 × 60 ÷ 6.72 = 71.4286. பெரும்பாலான மென்பொருள்களில் குறியைச் சமத்துக்கு இழுத்தாலே இது தானாகக் கணக்கிடப்படும். ஆனாலும் ஒரு தடவையாவது தாளில் போட்டுப் பாருங்கள். பின்னால் பிழை வந்தால் எங்கே பார்ப்பது என்று அப்போதுதான் தெரியும்.

படி 3: தாளத்தை மென்பொருளுக்குச் சொல்லுதல்

ஓர் ஆவர்த்தனம் மென்பொருளின் ஒரு 'பார்' ஆக அமைவதே நம் தேவைக்கு நல்லது. ஆதி தாளத்தை 8/4 என்று எழுதுங்கள். மேலைநாட்டுக் குறிப்பு எழுதுபவருக்குப் போவதாக இருந்தால் 4/4இல் இரண்டு பாராகப் பிரிக்கலாம். அப்போது ஒற்றைப் பார்களில்தான் சமம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். ரூபகத்தைத் தட்டு, தட்டு, வீச்சு என்று மூன்றாகப் போட்டால் 3/4. கண்ட சாபு 5/8. மிச்ர சாபு 7/8. மிச்ர சாபுவின் 3 + 2 + 2 என்ற பிரிப்பு மிடி கோப்பில் ஏறாது. அதையும் தனித்தாளில் குறியுங்கள்.

சாபு தாளங்களில் கவனமாக இருங்கள். மிடி கோப்பில் டெம்போ எப்போதும் கால் சுரத்துக்குத்தான். மிச்ர சாபு ஆவர்த்தனம் ஒன்று 2.8 செக்கன் என்றால், ஏழில் ஒன்று 0.4 செக்கன். அது அரைக்கால் சுரம். கால் சுரம் 0.8 செக்கன். எனவே டெம்போ 75. அரைக்கால் சுரத்தை எண்ணி 150 என்று போட்டால் மறுபக்கத்தில் தாளம் இரட்டை வேகத்தில் ஓடும்.

எடுப்பு எங்கே இருந்தாலும் பார்க்கோடு சமத்தில்தான் நிற்க வேண்டும். அரை இடத்திலோ ஒன்றரை இடத்திலோ எடுக்கும் உருப்படியில் பாட்டு தொடங்கும் இடத்தைப் பாரின் தலையாக வைத்தால், சுரப்படுத்தும்போது ஆவர்த்தனம் முழுவதும் இடம்மாறிப் போகும்.

நடை மாறினால் டெம்போ மாறாது

தனியில் தவில்காரர் சதுச்ரத்திலிருந்து திச்ரத்துக்கும் கண்டத்துக்கும் மிச்ரத்துக்கும் போவார். அட்சரத்தின் நீளம் அப்படியே இருக்கும். அதற்குள் விழும் சொற்கள்தான் 4இலிருந்து 3, 5, 7 என்று மாறும். டெம்போ வரைபடத்தில் அங்கே எதையும் மாற்றாதீர்கள். தானியங்கிக் கண்டுபிடிப்பு இங்கேதான் பெரிதாகத் தடுமாறும். கண்ட நடையைக் கேட்டதும் டெம்போ 1.25 மடங்கு ஏறிவிட்டதென்று எழுதிவிடும். 71இல் இருந்த கோடு திடீரென்று 89க்குத் தாவியிருந்தால் அது நடை மாறிய இடம்.

மல்லாரியில் மூன்று காலம் வாசிக்கும்போதும் இதே விதி. தாளம் நிலையாக நிற்க, சுரங்கள்தான் இரட்டிக்கின்றன. டெம்போவை இரட்டிக்க வேண்டாம்.

ஆலாபனை

இராக ஆலாபனைக்குத் தாளம் இல்லை. ஆனால் மென்பொருளில் ஏதாவதொரு டெம்போ இருந்தே ஆக வேண்டும். ஆலாபனை முடிந்து பல்லவி தொடங்கும் சமம் ஒரு பார்க்கோட்டில் விழவும் வேண்டும். அதற்கு எளிய வழி உண்டு.

ஆலாபனைப் பகுதிக்கு 4/4, டெம்போ 60 என்று வையுங்கள். ஓர் அடி ஒரு செக்கன். ஒரு பார் 4 செக்கன். முதல் சமம் 252 செக்கனில் வந்தால் சரியாக 63 பார். 253.3 செக்கனில் வந்தால் 63 பாரையே வைத்து, டெம்போவை 252 × 60 ÷ 253.3 = 59.692 என்று மாற்றுங்கள். பார்க்கோடு சமத்தில் போய் நிற்கும். அந்தப் பகுதியில் கிளிக்கை நிறுத்திவையுங்கள். 'இங்கே தாளம் இல்லை, இடம் நிரப்ப மட்டும்' என்று குறிப்பில் எழுதுங்கள். எழுதாவிட்டால் மறுபக்கத்தவர் அதை உண்மையான டெம்போ என்று எடுத்துக்கொள்வார்.

படி 4: தாளத் தடம் ஒன்றைச் சேருங்கள்

பல மென்பொருள்கள் மிடி சுரங்கள் எதுவும் இல்லாத செயற்றிட்டத்திலிருந்து மிடி கோப்பை எழுதுவதில்லை. எனவே புதிய மிடித் தடம் ஒன்றைத் திறந்து, ஒவ்வோர் அட்சரத்துக்கும் ஒரு சுரம் வையுங்கள். தாள வாத்தியங்களுக்குரிய 10ஆம் சானலில் சமத்துக்கு 76, மற்ற அட்சரங்களுக்கு 77. பொது மிடி முறையில் இவை உயர்ந்த, தாழ்ந்த மரக்கட்டை ஒலிகள். மிச்ர சாபுவுக்கு 3 + 2 + 2 பிரிப்பின் தலைகளில் மட்டும் சுரம் வையுங்கள். சுரத்துண்டு முதல் பாரின் முதல் அடியிலிருந்தே தொடங்க வேண்டும். ஆலாபனைப் பகுதியை வெறுமையாக விட்டாலும் துண்டை அங்கிருந்தே நீட்டுங்கள்.

இத்தடத்தால் இரண்டு பயன். கோப்பு எழுதப்படும், மறுபக்கத்தில் காதால் சரிபார்க்கவும் முடியும்.

படி 5: அனுப்பும் பக்கம்

றீப்பரில் 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் புரொஜெக்ட் மிடி' என்பதைத் திறந்து, முழுச் செயற்றிட்டம், வகை 1 ஆகியவற்றைத் தெரிவுசெய்யுங்கள். டெம்போவையும் தாளக் குறியையும் கோப்பில் பதிக்கும் கட்டத்தில் சரி அடையாளம் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் சுரங்கள் மட்டுமே போகும்.

கியூபேஸில் டெம்போவுக்கென்று தனி ஏற்றுமதி உண்டு. அது கியூபேஸுக்கு மட்டும் புரியும் வடிவம். வேறு மென்பொருளுக்கு அனுப்ப மிடி ஃபைல் ஏற்றுமதியையே பயன்படுத்துங்கள். லொஜிக் புரோவில் தாளத் துண்டைத் தெரிவுசெய்து மிடி கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும். புரோ டூல்ஸில் 'எக்ஸ்போர்ட்' என்பதன்கீழ் 'மிடி'. கராஜ்பாண்டில் மிடி ஏற்றுமதிக் கட்டளை இல்லை. அந்தச் செயற்றிட்டத்தை லொஜிக் புரோவில் திறந்து அனுப்பலாம். ஏபிள்டன் லைவில் ஒரு துண்டை மிடியாக எழுதும்போது, பாட்டின் நடுவே வரும் டெம்போ மாற்றங்கள் அதோடு போவதில்லை. எனவே இந்த வேலையில் லைவ் பெறும் பக்கமாக இருப்பதே வசதி.

எந்த மென்பொருளானாலும் ஒன்றைச் செய்யுங்கள். டெம்போவைச் சாய்கோடாக ஏற்றியிருந்தால் அதைப் படிகளாக மாற்றுங்கள். மிடி கோப்பில் சாய்வு என்ற நிகழ்வே இல்லை. படிகள் மட்டுமே உண்டு. ஆவர்த்தனத்துக்கு ஒரு படி என்று முன்னரே வைத்திருந்தால் இந்தச் சிக்கல் எழாது.

வேவ் கோப்பும் முதல் பாரின் முதல் அடியிலிருந்து தொடங்க வேண்டும். முன்னால் மௌனம் இருந்தால் அதை வெட்ட வேண்டாம். மிடியும் வேவும் ஒரே பூச்சியத்திலிருந்து ஓடினால்தான் மறுபக்கத்தில் இரண்டும் சேரும்.

படி 6: பெறும் பக்கம்

இங்கே வரிசை முக்கியம். வெறுமையான புதிய செயற்றிட்டத்தைத் திறவுங்கள். மாதிரி வீதத்தை வேவ் கோப்பின் வீதத்துக்கு வையுங்கள். முதலில் மிடி கோப்பை இறக்குங்கள். டெம்போவையும் இறக்கவா என்று மென்பொருள் கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். புரோ டூல்ஸில் அதற்குத் தனிக் கட்டம் உண்டு. கியூபேஸில் மிடி இறக்குமதியின்போது டெம்போவைப் புறக்கணிக்கும் தெரிவு விருப்ப அமைப்புகளில் இருக்கிறது. அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். டெம்போ வரைபடம் திரையில் தெரிந்த பிறகே வேவ் கோப்பை முதல் பாரின் முதல் அடியில் வையுங்கள்.

வைக்குமுன் ஒலி டெம்போவைப் பின்தொடர்ந்து நீளாமலும் குறுகாமலும் இருக்கப் பூட்டுங்கள். றீப்பரில் நேர அடிப்படையை 'டைம்' என்று வையுங்கள். புரோ டூல்ஸில் அந்தத் தடத்தை 'சாம்பிள்ஸ்' அடிப்படைக்கு மாற்றுங்கள். கியூபேஸில் 'மியூசிக்கல் மோட்' அணைந்திருக்க வேண்டும். லொஜிக் புரோவில் 'ஃப்ளெக்ஸ் அண்ட் ஃபாலோ' அணைந்திருக்க வேண்டும். லைவில் 'வார்ப்' அணைந்திருக்க வேண்டும். இந்தப் பூட்டு இல்லாவிட்டால் மென்பொருள் ஒவ்வோர் ஆவர்த்தனத்தையும் இழுத்துச் சுருக்கும். தவிலின் சொற்கள் குழைந்து, நாயனத்தின் கமகம் உடைந்து கேட்கும்.

மியூஸ்ஸ்கோர் போன்ற குறிப்பெழுதும் மென்பொருளில் மிடி கோப்பை நேரே திறந்தால் தாளக் குறியும் டெம்போவும் வந்து நிற்கும். அதன்மேல் சுரங்களை எழுதலாம். எழுதி முடித்து மீண்டும் மிடியாக எடுத்து இங்கே அனுப்பினால், பழைய பதிவோடு அந்தச் சுரங்கள் ஒன்றாக ஓடும். இந்தச் சுற்று முழுமையாக ஓடினால்தான் உங்கள் வரைபடம் சரியென்று பொருள்.

படி 7: சரிபார்த்தல்

அனுப்புபவர் மூன்று சமங்களின் நேரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்: முதல் சமம், நடுவில் ஒன்று, கடைசிச் சமம். நிமிடம், செக்கன், மில்லி செக்கன் வரை. பெறுபவர் தன் திரையில் அதே பார்களுக்குப் போய் நேரத்தை ஒப்பிட வேண்டும். இரண்டு மில்லி செக்கனுக்குள் ஒத்துவந்தால் வேலை சரி. ஒத்துவராவிட்டால், பிசகும் விதத்திலிருந்தே காரணத்தைப் பிடிக்கலாம்.

மூன்று இடத்திலும் ஒரே அளவு பிசகு: தொடக்கப் புள்ளி மாறியிருக்கிறது. வேவ் முதல் அடியில் நிற்கவில்லை, அல்லது முன்மௌனம் வெட்டப்பட்டிருக்கிறது.

போகப் போக மெல்ல வளரும் பிசகு: யாரோ டெம்போவை முழு எண்ணாகத் தட்டியிருக்கிறார்கள், அல்லது கோப்பிலிருந்து ஒரே ஒரு டெம்போ மட்டும் இறங்கியிருக்கிறது.

சமங்களின் நேரம் ஒத்துவந்தும் ஒலி மட்டும் 8.8 சதவீதம் நீண்டிருத்தல்: 48,000 வீதத்தில் எடுத்த வேவ் 44,100 வீதத்தில் ஓடுகிறது. 10 நிமிடப் பதிவு 10 நிமிடம் 53 செக்கன் ஓடும், சுருதியும் இறங்கியிருக்கும். டெம்போவைத் தொடாதீர்கள், மாதிரி வீதத்தைத் திருத்துங்கள்.

ஓரிடம்வரை சரி, அதன்பின் பாருக்குப் பார் பெருகும் பிசகு: அங்கே ஒரு தாளக் குறி இறங்கவில்லை. ஆலாபனை முடிந்து 4/4இலிருந்து 8/4க்கு மாறும் இடத்தை முதலில் பாருங்கள்.

சரியாக இரட்டிப்பு அல்லது பாதி: அரைக்கால் சுரத்தைக் கால் சுரம் என்று எண்ணியிருக்கிறீர்கள்.

எண் ஒத்துவந்த பின் காதால் கேளுங்கள். தாளத் தடத்தையும் பதிவையும் சேர்த்து ஒலிக்கவிட்டு, கையால் தாளம் போட்டுக்கொண்டே முழு உருப்படியையும் ஒருமுறை கேட்டு முடியுங்கள். தனியின் நடுவில் உங்கள் கையும் மரக்கட்டை ஒலியும் பிரிந்தால் அங்கே ஒரு சமம் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. தாளம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்திக் கேட்பது இன்னும் நல்லது.

பொதியில் என்ன இருக்க வேண்டும்

ஒரு கோப்புறையில் மூன்று கோப்புகள் வையுங்கள். ஒன்று, வேகம் திருத்திய வேவ். இரண்டு, வகை 1 மிடி. மூன்று, எந்த மென்பொருளும் இல்லாமல் திறக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பு. அதில் இவை இருக்கட்டும்: உருப்படி, இராகம், தாளம், எடுப்பு, வாசித்தவர்கள், இடம், ஆண்டு, நாடாவின் வேகத்தை எவ்வளவு திருத்தினீர்கள், மாதிரி வீதம், ஒரு பாருக்கு எத்தனை அட்சரம், தாளமில்லாத பகுதிகள் எவை, குறிப்பான் எண்களின் பொருள், மூன்று சமங்களின் நேரம். தெரியாததை ஊகித்து எழுதாமல் வெறுமையாக விடுங்கள்.

மூன்று கோப்புகளுக்கும் ஒரே பெயரும் பதிப்பு எண்ணும் இடுங்கள். வரைபடத்தைத் திருத்தினால் பதிப்பு எண்ணைக் கூட்டுங்கள். பழையதை அழிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வேவையும் மிடியையும் ஆவணமாக அனுப்புங்கள். ஒலியாக அனுப்பினால் வேவ் சுருக்கப்பட்டு, தொடக்கத்தில் சில மில்லி செக்கன் மாறிவிடலாம்.

இன்று நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் 20 ஆண்டுகளில் இருக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதன் செயற்றிட்டக் கோப்பு அதோடு போய்விடும். வேவும் 1988இன் மிடியும் எழுத்துக் கோப்பும் திறந்த வடிவங்கள். அவற்றைப் படிக்க எப்போதும் ஏதாவதொரு வழி இருக்கும். ஆகவே வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு மட்டும் இந்தப் பொதியைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு பதிவுக்கும் செய்து, இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒரு மேளக்காரர் எந்த ஆவர்த்தனத்தில் காலப்பிரமாணத்தை எவ்வளவு ஏற்றினார், எங்கே பிடித்து நிறுத்தினார் என்பது அவருடைய வித்தையின் பாதி. நாளை தவில் பழக வரும் பிள்ளை அந்த வரைபடத்தைத் திறந்து, அதன்மேல் தாளம் போட்டுப் பழக முடியும்.

பயிற்சி

உங்களிடம் உள்ள பதிவொன்றில் ஆதி தாளத்தில் அமைந்த 10 ஆவர்த்தனங்களைத் தெரிவுசெய்யுங்கள். சமங்களைக் குறித்து, ஒவ்வோர் ஆவர்த்தனத்தின் டெம்போவையும் தாளில் கணக்கிடுங்கள். மிடியாக ஏற்றி வேறொரு மென்பொருளில் இறக்குங்கள். 10ஆம் ஆவர்த்தனத்தின் முடிவை இரு திரைகளிலும் ஒப்பிடுங்கள். இரண்டு மில்லி செக்கனுக்குள் வரும்வரை அடுத்த அத்தியாயத்துக்குப் போக வேண்டாம்.